நான்கு பருவங்களில் ஓர் ஏரி

சுவிற்சர்லாந்து என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு நாட்காட்டிப் படம். பின்னால் பனி மூடிய மலை, முன்னால் நீல நிற ஏரி, நடுவில் வெள்ளைக் கப்பல். தையல் கடைச் சுவரிலும் மருந்துக் கடைச் சுவரிலும் இந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் படத்தில் எப்போதும் கோடை காலம்தான். வேலை செய்யும் மனிதர் எவரும் அதில் இருப்பதில்லை.

அப்படியான ஓர் ஏரிக்கரையில் ஓராண்டு வாழும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சமூகப்பணிப் பயிற்சி நெறியொன்றுக்காக 2022 ஒக்டோபரில் சென்று, 2023 ஒக்டோபரில் மட்டக்களப்புக்குத் திரும்பினேன். லுசேர்ன் நகருக்கு வெளியே வசிக்கும் என் பெரியம்மாவின் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக அங்கே இருக்கிறார். ஹோட்டல் ஒன்றில் அறைகளைத் துப்புரவு செய்து, படுக்கை விரிக்கும் வேலை அவருக்கு. அவருக்கு விடுமுறை கிடைத்த நாட்களில் இருவருமாக ஏரியைச் சுற்றினோம். மழையிலும் பனியிலும் புகாரிலும் வெயிலிலும் ஒரே ஏரியைப் பார்த்தேன். ஒருநாள் சுற்றுலாவில் வருபவர்கள் காணாத சிலவற்றை அந்த ஓராண்டு எனக்குக் காட்டியது. அவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நான்கு மாநிலங்களின் ஏரி

லுசேர்ன் ஏரி என்று வெளிநாட்டவர் அழைக்கும் இந்த ஏரியை உள்ளூர் மக்கள் ‘நான்கு வன மாநிலங்களின் ஏரி’ என்ற பொருள்படும் நீண்ட ஜேர்மன் பெயரால் அழைக்கின்றனர். ஊரி, ஷ்வீற்ஸ், உன்ரர்வால்டன், லுசேர்ன் என்பவையே அந்த நான்கும். உன்ரர்வால்டன் இப்போது ஒப்வால்டன், நித்வால்டன் என இரண்டாக நிர்வகிக்கப்படுகிறது.

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 114 சதுர கிலோமீற்றர். மிக ஆழமான இடம் 214 மீற்றர். கடல் மட்டத்திலிருந்து 434 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மலைகளுக்கிடையே கைகளை நீட்டி வளைத்ததுபோலக் கிளை கிளையாகப் பிரிந்து கிடப்பதால் ஓர் இடத்தில் நின்று முழு ஏரியையும் பார்க்க முடியாது. லுசேர்ன் நகரிலிருந்து தென்கோடியிலுள்ள ஃபுளூலன் என்ற ஊருக்குக் கப்பலில் செல்ல மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். நூறு வயதைத் தாண்டிய நீராவிக் கப்பல்கள் இன்றும் ஓடுகின்றன. ‘ஊரி’ என்ற கப்பல் 1901ஆம் ஆண்டிலிருந்து சேவையில் இருக்கிறது.

பனிக்காலம்: காசு கொடுத்துப் பார்க்கும் சூரியன்

நான் போய்ச் சேர்ந்த சில கிழமைகளில் நவம்பர் மாதம் வந்தது. நாட்காட்டியில் வராத மாதம் அது. சாம்பல் நிறப் புகார் கூரைபோல ஏரிக்கு மேலே வந்து படிந்துவிடும். எதிர்க்கரை தெரியாது, மலை தெரியாது. சில வேளைகளில் கிழமைக் கணக்கில் வெயில் இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

“இஞ்ச நவம்பர் வந்தா சூரியனைக் காசு குடுத்துத்தான் பாக்கவேணும், தங்கச்சி” என்று அக்கா சொன்னார். அதன் பொருளை ஒரு ஞாயிற்றுக்கிழமை விளங்கிக்கொண்டேன். ரீகி என்ற மலைக்குப் பல்சக்கர இரயிலில் ஏறினோம். 1871ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதை, ஐரோப்பாவின் முதலாவது மலை இரயில் பாதை ஆகும். பாதி தூரம்வரை யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பிறகு திடீரென வெளிச்சம். ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில் கண் கூசும் வெயில். கீழே ஏரி இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புகார்க் கடல். அதற்கு மேலே தீவுகளைப் போல மலைச் சிகரங்கள். மேலே வந்தவர்கள் கதிரை போட்டு முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு இருந்தார்கள்.

ஆனால் பயணச்சீட்டின் விலை அக்காவின் பல மணித்தியால உழைப்பு. புகாருக்கு மேலே போக முடிந்தவர்கள் ஒருபுறம், கீழேயே இருந்துவிடுபவர்கள் மறுபுறம். கீழே இருப்பவர்களில் எம்மவர்கள் அதிகம். சுவிற்சர்லாந்தில் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 50,000 பேர் வாழ்கின்றனர். எண்பதுகளில் அகதிகளாக வந்தவர்களில் பலருக்கு முதலில் கிடைத்தது உணவகக் குசினிகளிலும் ஹோட்டல்களிலும் வேலைதான். மொழி தெரியாமல், உறவினர் அருகில் இல்லாமல், இந்த இருட்டு மாதங்களைக் கழித்த பெண்களோடு கதைத்தேன். “ஊரில சண்டை, இஞ்ச இருட்டு” என்று ஒரு தாய் தன் முதல் வருடத்தைப் பற்றி ஒரே வரியில் சொன்னார்.

நவம்பரில் ஹோட்டலுக்கு ஆட்கள் வருவதும் குறைவு. அக்கா மணித்தியாலக் கணக்கில் சம்பளம் பெறுபவர். ஆட்கள் குறைந்தால் அவரது மணித்தியாலங்களும் குறையும். ஓகஸ்டில் இரண்டு பேருடைய வேலையைச் செய்யும் அதே பெண், நவம்பரில் தொலைபேசி அடிக்குமா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். ஹோட்டல், உணவகத் தொழிலாளர்களுக்கென நாடு முழுவதற்கும் பொதுவான கூட்டு ஒப்பந்தம் ஒன்று அங்கு உண்டு. வருடத்துக்கு ஐந்து கிழமை விடுமுறையும் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் அதில் எழுதப்பட்டுள்ளன. இது பெரிய பாதுகாப்பு. என்றாலும் குறைந்த மணித்தியாலங்களுக்குரிய பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் குறைந்ததுதானே!

டிசம்பர் 5ஆம் திகதி மாலையில் ரீகி மலையடிவாரத்திலுள்ள குஸ்நாக்ற் என்ற ஊரில் புனித நிக்கலஸ் ஊர்வலம் பார்த்தோம். ஆளுயரத்துக்கும் அதிகமான கடதாசிக் கிரீடங்களுக்குள் விளக்கேற்றித் தலையில் சுமந்து ஆடி வருகிறார்கள். எமது ஊர்க் கோவில் திருவிழாவில் காவடி ஆடுவது நினைவுக்கு வந்தது. ஊர்வலத்தில் போவோர் வழமையாக ஆண்களே. வீதியோரத்தில் நின்று பார்ப்பது பெண்களும் பிள்ளைகளும். அதுவும் எமக்குப் பழக்கமான காட்சிதான்.

வசந்தம்: கச்சானின் உறவுக்காரி

மார்ச், ஏப்ரலில் பனி உருகத் தொடங்கும். வெகிஸ் என்ற கரையோர ஊரில் மரங்கள் முதலில் பூக்கின்றன. மலை வடக்குக் காற்றை மறைப்பதாலும் ஏரி சூட்டைச் சேமித்து வைப்பதாலும் அங்கே பனைக் குடும்பத்து மரங்களும் அத்திமரமும் வளர்கின்றன. பனிமலைக்குக் கீழே அத்திமரத்தைக் கண்டால் எவருக்கும் வியப்புத்தான்.

உயர்தரத்தில் புவியியல் படித்தவர்களுக்குப் ‘போன் காற்று’ நினைவிருக்கலாம். மலையின் மறுபக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சூடாகவும் வறட்சியாகவும் இறங்கும் காற்று. ஏரியின் தென்பகுதியான ஊரிப் பகுதியில் அது மிகக் கடுமையாக வீசும். ஒரு காலைப் பொழுதில் வெப்பநிலை பத்துப் பாகைக்கு மேல் ஏறிவிடும். அமைதியாக இருந்த ஏரி கடல்போலக் கொந்தளிக்கும். கரையெங்கும் செம்மஞ்சள் விளக்குகள் உண்டு. நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் எச்சரிக்கை, 90 தடவை மின்னினால் ஆபத்து, உடனே கரைக்கு வா என்று பொருள். இந்தக் காற்றில் ஒரு நெருப்புப்பொறி போதும். ஊரியின் தலைநகரான அல்ற்டோர்ஃப் 1799ஆம் ஆண்டு தீயில் அழிந்தது. இன்றும் கடும் காற்று நாட்களில் வெளியே நெருப்பு மூட்டுவதற்கு அங்கே தடை.

மட்டக்களப்பு வாசகிகளுக்கு இது புதிதல்ல. மலைநாட்டைக் கடந்து ஆனி, ஆடியில் எம்மை வாட்டும் கச்சான் காற்றும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கச்சான் வீசும்போது தலையிடி, எரிச்சல், பிள்ளைகளின் அழுகை என்று நாம் சொல்லும் அத்தனையையும் ஊரிப் பெண்களும் சொல்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியும் மே மாதத் தொடக்கமும் இப்பகுதியின் அரசியல் வரலாற்றில் முக்கியமான காலம். பல நூற்றாண்டுகளாக ஊர் ஆண்கள் திறந்த வெளியில் கூடி, கையை உயர்த்திச் சட்டங்களைத் தீர்மானித்தார்கள். ஊரியில் 1928 வரையும், நித்வால்டனில் 1996 வரையும், ஒப்வால்டனில் 1998 வரையும் இந்த மக்கள் சபை நடந்தது. மக்களாட்சியின் தொட்டில் என்று இதைப் புகழ்வார்கள். ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் பெண்கள் மிகப் பிந்தித்தான் சேர்க்கப்பட்டார்கள்.

“அப்பா நல்ல மனிதர்”

அக்காவோடு சலவைப் பகுதியில் வேலை செய்யும் ஒரு சுவிஸ் பெண்மணியின் தாயார் ஊரியில் ஃபுளூலனுக்கு மேலே ஒரு பண்ணை வீட்டில் இருக்கிறார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். மே மாதத்தில் அவரிடம் போனோம். பாணும் பாற்கட்டியும் வைத்து உபசரித்தார். அவர் பேசியதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்.

எமது நாட்டில் பெண்கள் எப்போது வாக்களித்தார்கள் என்று அவர் கேட்டார். 1931 என்றேன். அவர் நம்பவில்லை. அக்காவிடம் ஆண்டைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் வாக்களித்ததையும், அதே ஆண்டில் அடலின் மொலமூரேயும் அடுத்த ஆண்டில் நேசம் சரவணமுத்துவும் அரசாங்க சபைக்குத் தெரிவானதையும் சொன்னேன்.

சுவிற்சர்லாந்தின் கதை வேறு. 1959 பெப்ரவரி 1ஆம் திகதி பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதா என்று ஆண்களிடம் கேட்டார்கள். வாக்களித்த ஆண்களில் 67 வீதமானோர் ‘வேண்டாம்’ என்றனர். 1971 பெப்ரவரி 7ஆம் திகதி மீண்டும் கேட்டபோது ஏறத்தாழ 66 வீதமானோர் ‘ஆம்’ என்றனர். அப்போதும் ஊரி, ஷ்வீற்ஸ், ஒப்வால்டன் மாநிலங்களில் ‘வேண்டாம்’ என்பதே பெரும்பான்மை. எமக்கு நாற்பது ஆண்டுகள் பின்னால் அவர்கள்.

“அப்பா நல்ல மனிதர். எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவரும் அண்ணன்மாரும் ‘வேண்டாம்’ என்றுதான் போட்டார்கள். அம்மா அவர்களுக்குச் சப்பாத்து மினுக்கிக் கொடுத்து அனுப்பினார்” என்றார் அந்த அம்மா. அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. விடியற்காலை பால் கறந்துவிட்டு, சமைத்துவிட்டு, முடிவைக் கேட்க வானொலிக்குப் பக்கத்தில் இருந்தாராம். நாடு தனக்கு உரிமை கொடுத்தது, தன் ஊர் கொடுக்கவில்லை என்று அன்று உணர்ந்ததாகச் சொன்னார். ஊரி மாநிலத் தேர்தல்களில் பெண்கள் வாக்களிக்க 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாக்குரிமையோடு எல்லாம் வந்துவிடவுமில்லை. கணவனே குடும்பத்தின் தலைவன் என்ற சட்டம் 1988 ஜனவரி 1ஆம் திகதிதான் மாறியது. அதுவரை மனைவி வேலைக்குப் போவதற்குக் கணவனின் சம்மதம் சட்டப்படி தேவை. சம்பளத்துடன் கூடிய 14 கிழமைப் பேறுகால விடுமுறை நாடு முழுவதிலும் 2005இல்தான் நடைமுறைக்கு வந்தது. மலையும் ஏரியும் பணமும் உள்ள நாட்டில்கூட ஒவ்வோர் உரிமையும் கேட்டுக் கேட்டுத்தான் கிடைத்திருக்கிறது.

கோடை: படத்துக்குள் வேலை செய்பவர்கள்

ஜூன் முதல் ஓகஸ்ட் வரை ஏரி நாட்காட்டிப் படத்தைப் போலவே மாறுகிறது. நீர் நீலமும் பச்சையும் கலந்த நிறம். மாலையில் வேலை முடிந்ததும் பெண்கள், ஆண்கள், வயோதிபர் எல்லோரும் வந்து நீந்துகிறார்கள். எழுபது வயதுப் பெண்கள் தனியாக நீந்துவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. வாவிக்கரையில் பிறந்து நீந்தத் தெரியாத எத்தனை பெண்களை எமக்குத் தெரியும்!

அந்தக் கோடையில் ஜூன் 14ஆம் திகதி லுசேர்ன் வீதிகளில் பெண்கள் ஊதா நிற உடையில் ஊர்வலம் போனார்கள். 1991ஆம் ஆண்டு இதே திகதியில் நாடெங்கும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் தொடர்ச்சியே இது. சமமான சம்பளம், முதுமையில் போதிய ஓய்வூதியம் என்பவை முக்கிய கோரிக்கைகள். 2022 செப்டெம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பெண்களின் ஓய்வு வயதை 64இலிருந்து 65ஆக உயர்த்தும் தீர்மானம் மிகச் சிறிய பெரும்பான்மையால் நிறைவேறியிருந்தது. ஒரு நாளில் எத்தனையோ மெத்தைகளைத் தூக்கி விரிப்பு மாற்றும் பெண்ணின் முதுகுக்கு அந்த ஒரு வருடம் சிறியதல்ல. அக்கா மதிய இடைவேளையில் வந்து அரை மணித்தியாலம் ஊர்வலத்தில் நடந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

மலையிலும் இது வேலைக்காலம். ஜூனில் மாடுகளை மேலேயுள்ள புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்கிறார்கள். அங்கே குடிசையில் தங்கிப் பால் கறந்து, பாற்கட்டி செய்கிறார்கள். மாலையில் ஒருவர் வெளியே வந்து, பால் வடிக்கும் மரப் புனலை வாயில் வைத்து, மாடுகளையும் மனிதரையும் காக்கும்படி மலைகளை நோக்கிப் பிரார்த்தனை பாடுகிறார். இந்த மேய்ச்சல் கால மரபை யுனெஸ்கோ 2023 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுரிமையாகப் பதிவு செய்தது. ஏரிக்கு மேலேயுள்ள செங்குத்தான சரிவுகளில் இயந்திரம் ஏறாது. அங்கே ஆணி அடித்த சப்பாத்து அணிந்து, நீண்ட கத்தியால் புல் வெட்டிக் காயவைத்து, கம்பியில் கட்டிக் கீழே இறக்குகிறார்கள். ஊரி அம்மா திருமணமான காலத்தில் முதுகில் பிள்ளை, கையில் வாரி என்று அந்தச் சரிவில் நின்றிருக்கிறார். கப்பலில் போகும் பயணிக்கு அந்தச் சரிவு பச்சைக் கம்பளமாகத்தான் தெரியும்.

ஓகஸ்ட் 1ஆம் திகதி தேசிய தினம். ஏரிக்கரையில் ரூட்லி என்ற சிறிய புல்வெளி இருக்கிறது. ஊரி, ஷ்வீற்ஸ், உன்ரர்வால்டனைச் சேர்ந்த மூன்று ஆண்கள் அங்கே சத்தியம் செய்து நாட்டைத் தொடக்கினார்கள் என்பது மரபுக் கதை. 1291ஆம் ஆண்டைத் தொடக்க ஆண்டாகக் கொள்கிறார்கள். அந்தப் புல்வெளியில் ஹோட்டல் கட்டப் போகிறார்கள் என்ற நிலை வந்தபோது, 1859இல் பாடசாலைப் பிள்ளைகளிடமிருந்து சேர்த்த பணத்தைக் கொண்டு அதை வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார்கள். வாக்குரிமை கிடைத்து ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்த 2021இல், தேசிய தினத்தன்று பெண்கள் அங்கே திரண்டு கொண்டாடினார்கள். மூன்று ஆண்களின் புல்வெளி அன்று பெண்களால் நிறைந்திருந்தது.

அழகான நீருக்கு அடியில் இன்னொன்றும் கிடக்கிறது. 1918க்கும் 1964க்கும் இடையில் சுவிஸ் இராணுவம் பாவிக்காத வெடிபொருட்களை நாட்டின் சில ஏரிகளில் கொட்டியது. இந்த ஏரியில் மட்டும் 3,000 தொன்னுக்கும் அதிகம். நீரை ஒழுங்காகச் சோதிக்கிறார்கள். மேலே எடுப்பது ஆபத்தானது என்று நீண்ட காலம் விட்டுவைத்தார்கள். 2024இல் பாதுகாப்பாக அகற்றுவதற்கு யோசனை கேட்டு அரசாங்கமே பரிசுப் போட்டி ஒன்றை அறிவித்தது. உலகப் போர்களில் சண்டையிடாத நாட்டிலேயே போருக்கான ஆயத்தத்தின் கழிவு இத்தனை தலைமுறைக்குக் கிடக்கிறது என்றால், கண்ணிவெடி அகற்றும் பணியில் குடும்பத்துக்காக முழந்தாளில் நின்று மண்ணைக் கிளறும் எமது வடக்குப் பெண்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இலையுதிர் காலம்: மலை ஏரியில் எழுந்த சுனாமி

செப்டெம்பரில் மாடுகள் கீழே இறங்குகின்றன. தலையில் பூக்களும் கழுத்தில் பெரிய மணிகளுமாக ஊருக்குள் வரும். மரங்கள் மஞ்சளாகும். காலைப் புகார் மீண்டும் தலைகாட்டும்.

இந்த மாதத்தில்தான் என்னை மிகவும் பாதித்த தகவலை அறிந்தேன். 1601 செப்டெம்பர் 18ஆம் திகதி இரவு இப்பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கரையோரச் சரிவுகள் பெயர்ந்து ஏரிக்குள் விழுந்தன. நான்கு மீற்றர் வரையான அலைகள் எழுந்து கரையோர ஊர்களைத் தாக்கின. லுசேர்ன் நகரில் றொய்ஸ் ஆறு பின்வாங்கி, ஏறத்தாழ வற்றி, மீண்டும் பாய்ந்தது. நகரத்தின் எழுத்தராக இருந்த றென்வார்ட் சீசாட் என்பவர் இதையெல்லாம் எழுதி வைத்தார். நானூறு ஆண்டுகளுக்குப் பின் விஞ்ஞானிகள் ஏரியின் அடியை ஆராய்ந்தபோது அந்தச் சரிவுகளின் மண் அவர் எழுதியதை உறுதிப்படுத்தியது. 1806 செப்டெம்பர் 2ஆம் திகதி பக்கத்திலுள்ள கோல்டௌ ஊரில் மலைச்சரிவில் 457 பேர் இறந்தனர். சரிந்த மலை அருகிலிருந்த சிறிய ஏரியிலும் பேரலையை எழுப்பியது.

கடல் இல்லாத நாட்டில் சுனாமி! 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு கல்லாறிலும் நாவலடியிலும் முகாம்களில் பணியாற்றிய மூத்த சகோதரிகளிடமே நான் இத்தொழிலைக் கற்றேன். கடல் முதலில் உள்வாங்கியது, பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடினார்கள் என்று அங்கே கேட்ட கதையை, ஆறு வற்றிய லுசேர்ன் கதை அப்படியே நினைவூட்டியது. ஒரு மனிதர் எழுதி வைத்ததால்தான் நானூறு ஆண்டுகளின் பின்பும் அது தெரிகிறது. எமது தாய்மார் சொன்னவற்றில் எத்தனை எழுதப்பட்டிருக்கின்றன?

திரும்புவதற்கு முன் ஏரிக்கு வடக்கே ஐன்சீடெல்ன் என்ற ஊரிலுள்ள கறுப்பு மாதாவைத் தரிசிக்க அக்கா அழைத்துச் சென்றார். அக்கா சைவம். என்றாலும் மடுவுக்குப் போவதுபோலத்தான் அங்கே போகிறார். கத்தோலிக்கரும் சைவருமாக நிறையத் தமிழர்கள் அங்கே வருகிறார்கள். மெழுகுதிரி ஏற்றும்போது “நவம்பரில் வேலை கிடைக்கவேணும் எண்டு கேட்டுக்கொள், தங்கச்சி” என்றார்.

பன்னிரண்டு கட்டங்கள்

கிராமங்களில் வேலை செய்யும் எமக்குப் ‘பருவகால நாட்காட்டி’ என்ற முறை தெரியும். ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு கட்டங்கள் கீறி, எந்த மாதத்தில் வருமானம், எந்த மாதத்தில் கடன், எந்த மாதத்தில் நோய், எந்த மாதத்தில் வேலைப்பளு என்று பெண்களே கற்களை வைத்துக் குறிப்பார்கள். அக்காவின் வருடத்தை ஒருநாள் குசினி மேசையில் அப்படிக் கீறிப் பார்த்தோம். ஓகஸ்டில் கற்கள் குவிந்தன. நவம்பர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், கோடைச் சம்பளத்திலிருந்து மாரிக்கென ஒரு பங்கை வேறு கணக்கில் போடுவது என்று அக்கா தீர்மானித்தார். மேலதிகாரியிடம் மாதத்துக்கு இத்தனை மணித்தியாலம் நிச்சயம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டார். கேட்டதில் பாதி கிடைத்தது.

எமது கிழக்குக் கரையிலும் பாசிக்குடாவுக்கும் அறுகம்குடாவுக்கும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அறைகள் நிறைகின்றன. ஐப்பசி மழை தொடங்கியதும் ஆட்கள் குறைகின்றனர். அந்த அறைகளைக் கூட்டித் துடைப்பவர்களும், விரிப்புகளைத் தோய்ப்பவர்களும், குசினியில் மீன் வெட்டுபவர்களும் பெரும்பாலும் எமது பெண்கள். மாரியில் அவர்கள் நுண்கடன் எடுக்கிறார்கள், நகை அடகு வைக்கிறார்கள். கோடையில் உழைத்தது அந்த வட்டிக்குப் போகிறது.

உங்கள் ஊர் மாதர் சங்கத்தில் அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெரிய தாளும் ஒரு பிடி கூழாங்கல்லும் கொண்டு போங்கள். ஹோட்டலில் வேலை செய்பவர், வயலில் கூலிக்குப் போபவர், கருவாடு காயவைப்பவர் எல்லோரும் தத்தமது பன்னிரண்டு மாதங்களையும் கீறட்டும். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் தனியாக ஒரு வரிசை விடுங்கள். வெறுமையான கட்டங்கள் எவை என்று தெரிந்தால், சங்கத்தின் சேமிப்பை எந்த மாதத்தில் திறப்பது என்றும், வேலை கொடுப்பவரிடம் எதை எழுத்தில் கேட்பது என்றும் பேசலாம். மட்டக்களப்பில் நாங்கள் நான்கு கிராமங்களில் இதைச் செய்து முடித்திருக்கிறோம். நான்கிலும் கார்த்திகைக் கட்டத்தில் ஒரு கல்லும் இல்லை.